படத்தில் ஓடிப்போனவள்

காரின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நெல்டா கிரௌடர் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரத் துணியால் ஓர் இழுப்பு, ஒரு வாக்கியம். ரப்பர் பட்டையால் ஓர் இழுப்பு, அடுத்த வாக்கியம்.

"அவளா? அலாஸ்காவுக்குப் போய்ட்டா தம்பி. அங்க மீனை டப்பாவுல அடைக்கிற கம்பெனில மேஸ்திரி ஆயிட்டா. ஒரு ரஷ்யாக்காரனைக் கட்டிக்கிட்டா. அவன் ஆளு சரியில்ல."

உள்ளே இருந்த தாடிக்காரப் பையன் பக்தியோடு தலையாட்டினான். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. நெல்டா பின் கண்ணாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ரஷ்யாக்காரன் பனிக்கட்டி உடைந்து கடலுக்குள் போய்விட்டான். பெட்ரோல் நிரம்பிய வண்டி மெதுவாக, துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோல, கிளம்பிப் போனது. நெல்டா சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் குவளைக்குள் துப்பிவிட்டு, சாலையின் இந்தப் பக்கம் நின்றிருந்த என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

என் லாட்ஜ் அவளுடைய பெட்ரோல் பங்குக்கு நேர் எதிரே இருக்கிறது. நியூ மெக்சிகோவின் கிழக்கு ஓரத்தில் டாபின் வெல்ஸ் என்ற ஊரில், புறவழிச் சாலை வந்தபிறகு யாரும் வழி தவறாமல் வருவதற்கு இரண்டே காரணங்கள் உண்டு. ஒன்று, என்னிடம் கடன் கேட்பது. இன்னொன்று, படம். எங்கள் ஊரில் படம் என்றால் ஒரே படம்தான். அதற்குப் பெயர் சொல்லும் வழக்கம் கிடையாது.

வியட்நாம் சண்டைக்குக் கட்டாயமாக ஆள் எடுத்த காலத்தில் எடுத்தது. ராணுவத்தின் அழைப்புச் சீட்டைக் கொளுத்திவிட்ட இரண்டு வாலிபர்கள், ஒரு பழைய ரொட்டி வேனுக்குக் கண்டபடி வர்ணம் அடித்து, சமுத்திரத்தைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். தோள்வரை முடி. போகிற ஊரிலெல்லாம் சோறு கிடையாது, பெட்ரோல் கிடையாது, முறைப்பு மட்டும் தாராளம். கடைசியில் எங்கள் ஊர். ஆண்கள் வரிசையாக நின்று முறைக்கிறார்கள். பங்க் முதலாளி போட மாட்டேன் என்கிறார். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு பெண், முதுகை மட்டும் நமக்குக் காட்டியபடி, அவர் பேச்சை மீறி டேங்கை நிரப்புகிறாள். வேன் நகர்கிறது. அவள் தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிறாள், ஓடிப் பின்கதவில் தொற்றி ஏறிக்கொள்கிறாள். உள்ளேயிருந்து அவள் கை மட்டும் வெளியே வந்து உயர்கிறது. கையில் ஏதோ நீளமாக மின்னுகிறது. புழுதி. முடிந்தது.

அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டு நாடு முழுக்க எத்தனையோ பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். படத்தை எடுத்தவன் பத்திரிகைகளிடம், அவள் நடிகையல்ல, அந்த ஊர்ப் பெண், தானாகவே ஏறிவிட்டாள், எங்கே இறங்கினாளோ தெரியாது என்று சொல்லிவிட்டான். மர்மம் விற்கும் என்று அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஜனங்கள் வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: அந்தப் பெண் எங்கே போனாள்?

அந்தப் பெண் நெல்டாதான். அவள் எங்கேயும் போகவில்லை. கால் மைல் தள்ளி, கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற காற்றாடிக் கம்பத்தருகே வேன் அவளை இறக்கிவிட்டது. நடந்து திரும்பி வந்தாள். வந்தவள் முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக அதே இடத்தில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்க வருகிறவர்களின் கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

கையில் மின்னியது என்ன என்பது இன்னும் பெரிய விவகாரம். விடுதலையின் தீவட்டி என்று ஒரு பேராசிரியர் எழுதினார். கத்தி என்றார் இன்னொருவர். குடும்ப அமைப்பை வெட்டுகிறாளாம். அது பங்கின் கழிப்பறைச் சாவி. இங்கே எந்தப் பங்கிலும் கழிப்பறைக்குச் சாவி கேட்டு வாங்கித்தான் போகவேண்டும். வாங்கினவர்கள் மறதியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடாமலிருக்க அதைப் பெரிதாக எதனோடாவது கட்டிவைப்பது எல்லாரும் செய்வதுதான். நெல்டாவின் அப்பா ஒரு முழ நீள அலுமினியக் குழம்புக் கரண்டியில் கட்டியிருந்தார். லாரி டிரைவர் ஒருவன் அதைத் திருப்பிக் கொடுத்த அதே நொடியில் படக்காரன் "ஓடு" என்று கத்தியிருக்கிறான். அவள் கரண்டியோடு ஓடிவிட்டாள்.

ஆண்களின் அந்த முறைப்பைப் பற்றியும் கட்டுரைகள் உண்டு. நாட்டுப்புற அமெரிக்காவின் வெறுப்பு என்பார்கள். அதில் பாதி, வெயில் கண்ணில் பட்டதால் வந்தது. விளக்குச் சாமான் இல்லாததால் படக்காரன் அவர்களைச் சூரியனைப் பார்த்து நிற்கச் சொல்லியிருக்கிறான். மீதிப் பாதி வெறுப்புதான், இல்லையென்று சொன்னால் பொய். ஊர்ப் பையன்கள் சண்டையில் இருந்தார்கள். நெல்டாவின் அண்ணன் ராய்ஸும் இருந்தான். அப்படியிருக்கையில் சீட்டைக் கொளுத்தினவர்களுக்கு யார் பாயாசம் வைப்பார்கள்? அப்புறம் ராய்ஸ் உயிரோடு திரும்பி வந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், இடுப்புவரை முடி வளர்த்துக்கொண்டு பங்குக்குப் பின்னால் இருந்த அறையில் உட்கார்ந்துவிட்டான். அவனை எப்படி முறைப்பது என்று ஊருக்குத் தெரியாமல் போயிற்று. முறைப்பது அதோடு நின்றது என்பார்கள். ராய்ஸ் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவனுடைய கம்பளித் தொப்பி இப்போது நெல்டாவின் தலையில்.

நெல்டா ஆள் நல்ல உயரம், எலும்பு. நடை மட்டும் இன்னும் ஓடப்போகிற நடை. தன் பங்கில் யாரும் தானே கண்ணாடி துடைக்கக்கூடாது. துடைக்கப் போனால், "கையைக் கட்டிக்கிட்டு உள்ள உக்காரு, கோடு கோடா பண்ணி வைக்காத" என்று விரட்டுவாள். கழிப்பறையைப் பூட்டாமல் வந்தால் அடுத்த ஊர்வரை கேட்கும்படி திட்டுவாள். வாழ்நாளில் பக்கத்து நகரமான அமரில்லோவைத் தாண்டியதில்லை. ஏன் என்று கேட்டால், "எல்லாரும் போய்ட்டா யாருப்பா பெட்ரோல் போடறது?" என்பாள். போன அக்டோபரில் சில நாள் மட்டும் அவள் ஊரில் இல்லை. ஆர்செனியோதான் பங்கைப் பார்த்துக்கொண்டான். வந்த வண்டியெல்லாம் கோடு விழுந்த கண்ணாடியோடு போனது. எங்கே போயிருந்தாய் என்று நாங்கள் இன்றுவரை கேட்கிறோம். ஆளுக்கு ஒரு கதை சொல்கிறாள்.

ஆர்செனியோ பாக்கா பங்குக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரன், நெல்டாவின் வகுப்புத் தோழன். பச்சை மிளகாயும் பன்றி இறைச்சியும் போட்டு அவன் வைக்கிற குழம்பைச் சாப்பிட்டால் மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒரே சமயத்தில் தண்ணீர் வரும். ஊர்ப் பந்தயத்தை ஆரம்பித்தவன் அவன்தான். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் யாரிடம் கேட்டாலும், அந்தப் பெண் போன கதையைப் புதிதாகச் சொல்லவேண்டும். ஏற்கெனவே சொன்ன கதையைத் திருப்பிச் சொன்னால் கணக்கில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் கூடி, அந்த வாரத்தின் நல்ல பொய்க்கு, மாவுக்குள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை ஒரு துண்டு. பாதிரியார்கூட ஒருமுறை ஜெயித்திருக்கிறார். அவர் கதையில் அவள் கன்னியாஸ்திரீ ஆகி, அதையும் விட்டு ஓடிவிட்டாள். நான் லாட்ஜ் வாங்கிய புதிதில், நெல்டாவே தன்னைப் பற்றிய பொய்க்குக் கை தூக்கி ஓட்டுப் போடுவதைப் பார்த்து, சரியான ஊருக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

அந்த அக்டோபரில் மினசோட்டா எண் போட்ட சாம்பல் கார் ஒன்று வந்தது. ஆர்டிஸ் ஹால்வர்சன் என்று பெயர், நெல்டா வயதுதான் இருக்கும், நரைத்த தலையைக் கட்டையாக வெட்டியிருந்தாள், தனியாக வந்திருந்தாள். முதலில் சாப்பிடப் போனாள். வியாழக்கிழமை. ஆர்செனியோ அந்த வாரம் ஒரு கதையும் சொல்லியிருக்கவில்லை, அவசரம். அந்தப் பெண் வேனில் ஏறின அதே வருடக் குளிர்காலத்தில் கொலராடோ மலையில், நீளமுடிக்காரர்களின் கூடாரத்தில், நெஞ்சில் சளி கட்டிச் செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டான். பனி கூரைவரை; வைத்தியர் வர வழியில்லை. டிரினிடாட் என்ற ஊரில் பெயர் எழுதாத கல்லறை இருப்பதாகவும் சொன்னான். அவனுக்குக் கை வந்த கலை.

அழுகிற கதை சொன்னால் ஜனங்கள் இன்னொரு துண்டு பை கேட்பார்கள் என்பது அவன் அனுபவம். இவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். என் லாட்ஜுக்கு வந்து அறை எடுத்துத் திரையை இழுத்துவிட்டாள். மறுநாள் காலை பெட்டியோடு வந்து, டிரினிடாடுக்கு எது வழி, அங்கே பூ கிடைக்குமா என்று என்னிடம் கேட்டாள். காப்பி குடித்துவிட்டுப் போகலாமே என்றேன்.

காப்பி ஆறுகிறவரை பேசினாள். இருபத்திரண்டு வயதில், ஊரின் தானியக் கிடங்குக்காரர் மகனோடு கல்யாணம் நிச்சயமாகி, உடை தைத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது தோழிகளோடு படம் பார்க்கப் போனாள். திரையில் அந்தக் கை உயர்ந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நேரே பேருந்து நிலையத்துக்குப் போனாள். அவளுடைய அப்பா அதற்குப்பிறகு அவளோடு பேசவேயில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்தார். பத்திரிகையில் வந்த அந்தக் கையின் படத்தை வெட்டி, குடியிருந்த ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள்.

"முன்னாடி ஒருத்தி போறான்னு நெனச்சுத்தான் பின்னாடியே போனேன்" என்றாள். "அவ அந்த வருஷமே செத்துட்டா. இத்தனை காலம் முன்னாடி யாருமே இல்ல, எனக்குத்தான் தெரியல."

வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டு, அவள் பெட்டியைக் காரில் ஏற்றும் நேரத்துக்குள் நான் சாலையைக் கடந்து ஓடினேன்.

நெல்டா முழுக்கக் கேட்டாள். விதை மெல்வதை நிறுத்தினாள். நேரே சாப்பாட்டுக் கடைக் கதவைத் திறந்து ஆர்செனியோவைக் கூப்பிட்டாள்.

"யோவ். ஊர்ல இருக்கற அத்தனை பொய்யில உனக்கு சாவுதான் கெடச்சுதா?"

"நீ மட்டும் அலாஸ்காவுல ரஷ்யாக்காரனைக் கொல்லல?"

"ரஷ்யாக்காரன் செத்தா யாருக்கு என்ன? இது நான்யா."

ஆர்செனியோ கையைத் துடைத்தபடி ஒரு யோசனை சொன்னான். செத்தவள் வேறு ஒருத்தி, பெயர் குழம்பிவிட்டது, நிஜப் பெண் கலிபோர்னியாவில் தேனீ வளர்க்கிறாள் என்று மாற்றிவிடலாம். நெல்டா தலையாட்டவில்லை. ஒரு பொய்யில் அடிபட்டவளுக்கு இரண்டாவது பொய் வாசனையிலேயே தெரியும் என்றாள். அப்படியானால் உண்மையைச் சொல்லிவிடு என்றேன். அதற்கு அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"செத்துட்டான்னா துக்கம், அழுதுட்டுப் போயிடுவா. போகவே இல்லைன்னா? அவ அப்பனை விட்டுட்டு வந்ததே கேலிக்கூத்தாயிடும்ல."

இத்தனை வருடம் இதை வைத்துத்தான் நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் சிரித்திருக்கிறோம். சாம்பல் கார் பங்குக்குள் திரும்பியது.

நெல்டா குழாயைச் செருகினாள். முன் கண்ணாடியைத் துடைத்தாள். ஒரு வாக்கியம்கூட வரவில்லை. வாயை மூடிக்கொண்டு அவள் கண்ணாடி துடைத்து நான் பார்த்தது அன்றுதான். பின்னால் இரண்டு லாரிகள் வந்து நின்றன. ஒரு டிரைவர் இறங்கி, சாவி எங்கே என்று பரபரத்தான். அவனுக்கு முன்பே ஆர்டிஸ் கண்ணாடியை இறக்கி, கிளம்புமுன் கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றாள்.

நெல்டா உள்ளே போனாள். கதவோரம் ஆணியில் தினமும் கொடுக்கிற சாவி தொங்கியது, மரக்கட்டையில் கட்டினது. படம் வந்தபிறகு ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கரண்டியைக் கல்லாவுக்குப் பின்னால், எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தாள். அதில் இரண்டாவது சாவி இன்னும் கட்டியே இருந்தது. வெளியே நின்ற எனக்கும் ஆர்செனியோவுக்கும் கண்ணாடி வழியே தெரிந்தது. அவள் கை மரக்கட்டைவரை போனது, நின்றது. பிறகு கல்லாவுக்குப் பின்னால் குனிந்தாள்.

வெளியே வந்து கரண்டியைக் காரின் சன்னல் வழியே நீட்டினாள்.

ஆர்டிஸ் வாங்கினாள். நுனியில் கரண்டிக் காம்பு லேசாக வளைந்திருக்கும். படத்திலும் அந்த வளைவு தெரியும். முப்பத்து நான்கு வருடம் சமையலறைச் சுவரில் பார்த்தவளுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. கரண்டியைப் பார்த்தாள், நெல்டாவைப் பார்த்தாள், மறுபடி கரண்டியைப் பார்த்தாள்.

"எங்க எறங்குன?" என்று கேட்டாள்.

நெல்டா கையை நீட்டினாள். "அந்தக் காத்தாடி தெரியுதில்ல. அங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வேன் ஓட்டுனவன் நெஜமாவே வரியான்னு கேட்டான். டாய்லெட்டுக்கு ஆளுங்க நிக்கறாங்கன்னேன்." இது ஊருக்கெல்லாம் சொல்லும் பதில். அதோடு நிறுத்திக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "எங்கண்ணன் சண்டையில இருந்தான். அவன் பஸ்ஸை விட்டு எறங்கறப்ப நான் இங்க இருக்கணும்ல."

ஆர்டிஸின் முகம் கோபப்படப் போகிறதா அழப்போகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தன் அப்பா சாவுக்குக்கூடப் போகவில்லை என்று மெதுவாகச் சொன்னாள்; நெல்டாவால் என்று சொல்லவில்லை, நெல்டாவைப் பார்த்துத்தான் வீட்டை விட்டதாகச் சொன்னாள்.

"நல்லா இருந்தியா?" என்று கேட்டாள் நெல்டா.

ஆர்டிஸ் யோசித்தாள். பொய் சொல்லாதவர்களின் யோசனை அது. எங்கள் ஊரில் பழக்கமில்லாதது.

"நெறைய நாள் நல்லாத்தான் இருந்தேன். சமுத்திரத்தைப் பாத்தேன்."

"அப்ப சரி. ரெண்டு பேர்ல ஒருத்தியாவது போயிருக்கோம்."

ஆர்டிஸுக்கு முதலில் உதடு துடித்தது, பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று புரியச் சற்று நேரமானது. தீவட்டி, கத்தி என்று அவளும் படித்திருப்பாள்; கழிப்பறைச் சாவிக்காகக் கல்யாணத்தை விட்டுவிட்டு வந்த கதை அவளுக்கு அப்போதுதான் முழுக்க உறைத்திருக்கவேண்டும். ஆர்செனியோவும் சிரித்தான், அவனுக்கு அந்த உரிமை இல்லாவிட்டாலும். நெல்டா குழாயை எடுத்து மாட்டிவிட்டு மூடியைத் திருகினாள்.

கார் கிளம்பிவிட்டது.

கழிப்பறைப் பக்கமே போகாமல் சாலையில் ஏறியது. டிரினிடாட் பக்கம் அல்ல, மேற்கே. சன்னல் வழியே ஒரு கை வெளியே வந்து உயர்ந்தது. கையில் கரண்டி வெயிலில் மின்னியது.

"ஏய், சாவி. என் சாவிடி" என்று கத்திக்கொண்டு நெல்டா ஓடினாள். தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில் அந்த ஓட்டம் அழகாக இல்லை. ஆனால் முதுகைப் பார்த்தால் அதே முதுகு. காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்த லாரி டிரைவர், அந்தம்மா எப்போது சாவியோடு திரும்பும் என்று என்னைப் பரிதாபமாகக் கேட்டான். மரக்கட்டைச் சாவி உள்ளே ஆணியில் தொங்குவது எங்கள் யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை.

காற்றாடிக் கம்பத்தருகே கார் நின்றது. பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறந்தது. நெல்டா போய்ச் சேர்ந்து, முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கினாள். உள்ளே குனிந்து என்னவோ சொன்னாள். கட்டாயம் திட்டாகத்தான் இருக்கும். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். திரும்பிப் பங்கைப் பார்த்தாள், லாரிகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். பிறகு கையை முழுவதும் சுழற்றிக் கரண்டியை எங்கள் பக்கமாக வீசி எறிந்துவிட்டு, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.